பாவு நீட்டிய தெரு

சுப்பராயலு அழுதது பொய்யில்லை. பொய்யாக அழுதிருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் போட்டு, செத்துக் கிடந்த மாணிக்கவேலின் காலடியில் ரோஜா மாலையை வைத்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்படி அழுத மனிதர் வெயில் உச்சிக்கு வருவதற்குள் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஆரணியில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

நான் சைக்கிள் கடை துரை. சொந்த ஊர் தேசூர் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிலத்தை நம்பிப் புண்ணியமில்லை என்று ஆரணிக்கு வந்தவன். நெசவுக்காரத் தெரு வந்து பஜார் ரோட்டில் முட்டுகிற முனையில் கடை போட்டேன். எனக்கு இடதுபக்கத்தில் மாணிக்கவேலின் சலூன். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். நான் பம்பு அடிப்பது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது எனக்குக் கேட்கும். அவர் பேச்சு கேட்காத நாளில் எனக்கு வேலை ஓடாது.

நாள் முழுக்கக் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிற நெசவாளிகள் சாயங்காலமானால் அவர் கடை பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். முடி வெட்ட வருகிறவன் பாதி, சும்மா உட்கார வருகிறவன் பாதி. அவர் யாரையும் எழுந்துபோ என்று சொன்னதில்லை. கத்தரிக்கோல் ஒரு பக்கம் பேசும், அவர் ஒரு பக்கம் பேசுவார்.

"இன்னா ஹேமநாத்து, கண்ணாலத்துக்கு முன்னாடி தல நெறைய காக்கா கூடு மாதிரி இருந்திச்சி. இப்ப இன்னாடா ஆச்சி?"

"நீ வெட்டி வெட்டித்தாண்ணே போச்சி."

"நான் வெட்டினா மொளைக்கும்டா. ஒம் மாமியா வெட்டினாத்தான் மொளைக்காது."

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். ஹேமநாத்தும் சிரிப்பான். அவன் சுப்பராயலுவிடம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன். மாமியார் வீட்டில் குடியிருந்தான். அந்த வீட்டில் அவனுக்கு நடந்ததெல்லாம் சலூன் பெஞ்சுக்குத் தெரியும். அங்கே சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

படுக்கையில் விழுந்தவர்கள் வீட்டுக்கு மாணிக்கவேலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். சுப்பராயலுவின் அப்பா பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் கிடந்தார். முகம் மழித்து, நகம் வெட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவார் மாணிக்கவேல். பெற்ற பிள்ளை மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பார். இவர் அந்தப் பெரியவரிடம் படவேட்டுத் திருவிழாக் கதை பேசிக்கொண்டிருப்பார். பெரியவருக்கு வாய் கோணியதால் சிரித்தாலும் அழுதாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "சிரிச்சாரு தொரை, எனக்குத் தெரியும்" என்பார் என்னிடம்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நெசவுக்காரத் தெருவில் சாவு விழுந்தால் பரியாரி, அதாவது ஊர் நாவிதர் என்கிற முறையில் பிணத்துக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போவதும், ஆற்றங்கரைச் சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவனுக்குத் தலை மழிப்பதும், அவன் தோளில் சுமக்கிற குடத்தில் ஓட்டை போடுவதும் அவர்தான். அவர் அப்பாவும் அதையே செய்தார். தெருவில் எவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் மாப்பிள்ளைக்கு முகம் மழித்தது அவர் கத்தி, எவன் வீட்டுச் சாவுக்கும் முன்னால் போனது அவர் சங்கு.

அந்தச் சங்குக்கு ஒரு முறை உண்டு. கையிலிருந்து கைக்கு மாறாது. ஊதுகிறவன் அதைக் கீழே வைக்கவேண்டும். வைத்ததை யார் எடுக்கிறானோ அடுத்து அவன்தான் ஊதவேண்டும். எடுத்தபிறகு முடியாது என்று சொல்ல வழியில்லை. மாணிக்கவேலின் அப்பா சாகக் கிடந்தபோது கட்டிலுக்கடியில் வைத்தாராம், இவர் குனிந்து எடுத்தாராம். சலூன் மூலையில் மஞ்சள் பையில் அது தொங்கும். ஒருமுறை ஹேமநாத் விளையாட்டாகப் பைக்குள் கைவிடப் போனான்.

"டேய் டேய், எடுத்துடாத! எடுத்தா ஒன் தலையில வுழுந்துடும். அப்பால நான் ஜாலியா வூட்ல தூங்குவேன், நீ பொணத்துக்கு முன்னாடி ஊதிகினு போவ."

அவன் நெருப்பைத் தொட்டவனாகக் கையை இழுத்துக்கொண்டான். பெஞ்சு சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் ஒருத்தனும் அந்தப் பையின் பக்கம் போனதில்லை.

இத்தனை வேண்டிய மனிதருக்குக் கல்யாண வீட்டில் சாப்பாடு எங்கே தெரியுமா? பின்கட்டில். பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில், ஒரு தூக்கில் சாம்பாரும் ஒரு இலைப்பொட்டலத்தில் சோறும் லட்டும் கொடுத்து அனுப்புவார்கள். மாப்பிள்ளையின் கன்னத்தைத் தொட்ட கை பந்தியில் உட்காரக் கூடாது. அவர் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கி வருவார். அவர் பெண்சாதி சின்னபொண்ணு அந்தச் சோற்றைத் தொடமாட்டாள்.

"எனக்கு வேணாம். ஆட்டுக்கு வைய்யி" என்பாள்.

"அய்ய, லட்டு கீதும்மே. நெய் லட்டு."

"முன்வாசல்ல குடுத்தாங்கன்னா சொல்லு, துன்றேன்."

அவர் என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டுவார். "தொரை, ஒங்க அண்ணிக்கு வெச்ச பேரு சின்னபொண்ணு. கோவம் மட்டும் பெரிய பொண்ணு." அவளுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தால் போதும். லட்டை என் பிள்ளைகள் தின்றன.

இனிதான் விஷயம். நெசவுக்காரத் தெருவின் மறுகோடியில் இறங்கினால் கமண்டல நாகநதி. சுடுகாடு அந்தக் கரையில். பஜாருக்குப் பின்னால் இருந்த மாணிக்கவேலின் வீட்டிலிருந்து அந்தத் தெருதான் நேர்வழி. ஆனால் அவர்கள் வீட்டுப் பிணம் அந்தத் தெருவில் போனதில்லை. தெருவுக்குப் பின்பக்கம் சாயப்பட்டறைச் சந்து ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் நடக்கலாம், எதிரில் ஒருத்தன் வந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சாயத்தண்ணியும் சாக்கடையும் கலந்து ஓடும். அவர் அப்பா அதில்தான் போனார், அம்மா அதில்தான் போனாள்.

இதை ஒருநாள் அவரே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சுப்பராயலு அப்போது நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். தெருவில் பாதித் தறி அவருடையது.

"தெனம் ஒருத்தர ஜாம்ஜாம்னு இட்டுகினு போறேன் மொதலாளி. நம்ம நேரம் வந்தா சாக்கடையில வழுக்கி வுழாம போவணும், அதான் என் பேஜாரு."

சுப்பராயலு நுரைக்குள்ளிருந்தே சத்தம் போட்டார். "டேய் மாணிக்கம், இன்னா பேச்சு பேசற? நீ செத்தா நானே முன்னாடி நின்னு நம்ம தெருவு வழியா பூப்பல்லக்குல எடுத்துகினு போவேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

"கத்தி கழுத்துல இருக்கச் சொல்லோ சொல்றீங்க. பயத்துல சொல்றீங்களா, பாசத்துல சொல்றீங்களா?"

"பாசத்துலதான்டா!"

பெஞ்சு முழுக்கக் கேட்டது. தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டேன். அன்று ராத்திரி அவர் அதைச் சின்னபொண்ணு அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அவள் மகனிடம் சொல்லியிருக்கிறாள்.

மாணிக்கவேல் செத்தது இரண்டாயிரத்து நாலு, பங்குனிக் கடைசி. சாயங்காலம் ஹேமநாத்துக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். வலது கன்னம் முடிந்தது. கத்தியைத் துடைக்கத் திரும்பியவர் கண்ணாடி மேடையைப் பிடித்தார், அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். ஹேமநாத் கழுத்துத் துணியோடு ரோட்டுக்கு ஓடிவந்து ஆட்டோவை மறித்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரை காய்ந்தும் அவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததை நான் மறக்கமாட்டேன். கழுத்தில் கட்டிய துணியைக்கூட அவன் அவிழ்க்கவில்லை.

மகன் கோபிநாத் சென்னையில் பெரிய பியூட்டி பார்லரில் வேலை. விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். அண்ணியின் தம்பி தருமன் சேத்துப்பட்டிலிருந்து வந்தான். அவனுக்கும் அங்கே இதே தொழில். விடிந்ததும் தருமன் மஞ்சள் பையிலிருந்த சங்கைத் துணியால் பிடித்து எடுத்து மாணிக்கவேலின் காலடியில் வைத்து, கும்பிட்டுவிட்டு, வெறும் கையால் எடுத்தான். முறை முறைதான்.

ஊரே வந்தது. பஜாரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, அவர் சிரிக்கிற படம். கீழே முதல் பெயர் சுப்பராயலு. சொன்னபடி பூப்பல்லக்கையும் அவரே அனுப்பிவிட்டார். சாமந்தியும் ரோஜாவும் வைத்து, கோபுரம் மாதிரி கட்டி, நாலு பக்கமும் தொங்கட்டான் விட்டது. அப்புறம்தான் வந்து அழுதார். அழுது முடித்து முகம் துடைத்தவரிடம் கோபிநாத் கைகூப்பிச் சொன்னான்.

"மொதலாளி, நீங்க அப்பாகிட்ட சொன்ன மாதிரியே ஒங்க தெருவு வழியா எடுத்துகினு போறோம். நீங்க முன்னாடி நின்னா போதும்."

சுப்பராயலுவின் முகத்தில் ஈரம் இருக்கும்போதே ஏதோ இறுகியது. அவர் பல்லக்கைப் பார்த்தார். பிறகு கோபிநாத்தைப் பார்த்தார்.

"ஆவட்டும் தம்பி. பாக்கலாம்" என்றார். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

"இன்னா தொரை, பாக்கலாம்ன்றாரு?" என்றாள் அண்ணி, அழுத குரலில்.

"அவரு வாயாலதான சொன்னாரு. வருவாரு அண்ணி" என்றேன். நான் மெய்யாலுமே நம்பினேன்.

உறவுக்காரர்கள் வந்து சேர, குளிப்பாட்டி எடுக்க உச்சிவேளை நெருங்கிவிட்டது. மேளம் முன்னால், தருமன் சங்கோடு அடுத்து, பல்லக்கு பின்னால். ஊர்வலம் பஜாரைச் சுற்றிவந்து என் கடை முனையில் நெசவுக்காரத் தெருவுக்குள் திரும்பியது. திரும்பியதும் மேளம் நின்றது.

தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தது.

பட்டுப் பாவு. அரக்குச் சிவப்பு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சித்தண்ணி தெளித்து, அறுந்த இழையை முடிந்து, சுருட்டி எடுப்பார்கள். பாவு நீட்டியிருந்தால் அந்தத் தெருவுக்குள் எந்த வண்டியும் வராது. மந்திரி வந்தாலும் சுற்றித்தான் போகவேண்டும். அதையெல்லாம் நானும் மதிக்கிறவன்தான். ஆனால் பாவு விடியற்காலையில் நீட்டுவது. வெயில் உறைப்பதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். பங்குனி வெயிலில், உச்சிவேளையில், எந்த நெசவாளியாவது பட்டை வெட்டவெளியில் விடுவானா? அந்தத் தெருவில் சொந்த ஆள் செத்தால் நீட்டிய பாவையும் பாதியில் சுருட்டி வழி விடுவார்கள். அதையும் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் முன்னால் சங்கோடு நின்றவர் மாணிக்கவேல்.

பாவின் இந்த முனையில் சுப்பராயலு நின்றார். இரண்டு பக்கமும் அவருடைய கூலி நெசவாளிகள் தண்ணி வாளியோடு நின்றார்கள். அதில் ஒருவன் ஹேமநாத். ஒரு கன்னம் மழித்தது மழித்தபடி, மறு கன்னத்தில் தாடி முள்முள்ளாக. தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் முன்னால் போனேன். "இன்னா மொதலாளி இது?"

"பாவு தொரை. தெரியல?"

"பாவு தெரியுது. இந்நேரத்துல எவன் பாவு நீட்டுவான்?"

"முகூர்த்தப் பொடவை. பொண்ணு வூட்டுக்காரங்க அவசரம்ன்றாங்க. தண்ணி போட்டாச்சி, இப்ப சுருட்டினா இழைக்கு இழை ஒட்டிக்கினு பூடும்."

கோபிநாத் கையில் தீச்சட்டியோடு வந்தான். "எவ்ளோ நேரம் ஆவும் மொதலாளி? நாங்க நிக்கறோம்."

"அத்த எப்டி தம்பி சொல்றது? பொணத்த வெச்சிகினு இன்னாத்துக்கு வெயில்ல நிக்கறீங்க? தோ, சந்து இருக்குதே. ஜல்தியா பூடலாம்."

"நீங்கதான எங்கப்பாகிட்ட சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லன்னு சொல்லல. ஒங்கப்பா எனக்குத் தம்பி மாதிரிடா. காலையில பாத்த இல்ல, எப்டி அழுதேன்னு? பல்லக்கு யாரு குடுத்தா? பாசம் வேற தம்பி, தெருவு வேற. இன்னிக்கு ஒனக்கு வுட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் வருவான். தெருவுல நாலு பேரு என்னத்தான கேப்பாங்க?"

பாசம் வேறயாம், தெரு வேறயாம். தாடையைக் காட்டுவதற்கும், அப்பன் முதுகுப் புண்ணைக் காட்டுவதற்கும், அப்பன் பிணத்துக்கு முன்னால் நடக்க விடுவதற்கும் மாணிக்கவேல் தம்பி. செத்தபிறகு சாக்கடைச் சந்து. இதைக் காலையிலேயே வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாமல் கல்யாணப் பாவைக் குறுக்கே கட்டிவைத்திருந்தார். பின்னால் திரும்பினால் அத்தனை பேர் நிற்கிறார்கள், சலூன் பெஞ்சைத் தேய்த்தவர்கள், போஸ்டரில் பெயர் போட்டவர்கள். ஒருத்தன் தரையைப் பார்க்கிறான், ஒருத்தன் வெற்றிலையைத் துப்பப் போகிறான். "ஏன் தொரை, நமக்கு இன்னாத்துக்கு வம்பு, சந்துலயே எடுத்துகினு போலாமே" என்று என் காதோரம் ஒருத்தன் சொன்னான். அவனை அப்போதே அறைந்திருக்க வேண்டும்.

கோபிநாத் நகரவில்லை. "நிப்போம்" என்றான்.

நின்றோம். பல்லக்கை இறக்கி நடுரோட்டில் வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பல்லக்கின் சாமந்தி வாட ஆரம்பித்தது. அந்தப் பக்கம் பாவு காய ஆரம்பித்தது. வாளித்தண்ணியைத் தெளிக்கத் தெளிக்க உறிஞ்சிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பட்டு இழை ஒன்று அறுந்தது, பிறகு இன்னொன்று. இழை அறுகிற சத்தம் பெரிதாகக் கேட்காது. ஆனால் அங்கே நின்ற ஒவ்வொரு நெசவாளிக்கும் அது கேட்டது. இழை அறுந்தால் தானாகக் கை போகும் அவர்களுக்கு. ஹேமநாத்தின் கையும் போனது. பாதியில் நின்றது. சுப்பராயலு வியர்வையைத் துடைத்துக்கொண்டாரே தவிர, சுருட்டு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. தன் பட்டைத் தானே வெயிலில் சாகவிட்டுக்கொண்டு நின்றார் அந்த மனிதர். மாணிக்கவேலுக்கு வழிவிடுவதைவிட அது அவருக்கு லேசாக இருந்தது.

திடீரென்று கோபிநாத் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, தருமன் தோளில் தொங்கிய பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தான். சுடுகாட்டில் அவனுக்குத் தலை மழிக்க வைத்திருந்த கத்தி, அவன் அப்பாவுடையது. விரித்துப் பிடித்துக்கொண்டு பாவை நோக்கி நடந்தான். நான் தடுக்கவில்லை. ஒரே இழுப்பில் அறு என்று மனசுக்குள் சொன்னேன்.

பெண்கள் கூட்டத்திலிருந்து சின்னபொண்ணு வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, பூவும் மஞ்சளும் அழியாமல், மகனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"வெக்கடா கத்திய."

"வுடும்மா!"

"ஒங்கப்பன் கத்திடா அது. இத்தினி வருசத்துல ஒருத்தன் கன்னத்துலயும் ரத்தம் பாக்கல. நீ இத்த அறுத்தா இன்னா ஆவும் தெரியுமா? பரியாரிப் பையன் கல்யாணப் பாவ அறுத்துட்டான்னு காலத்துக்கும் அதையே பேசிகினு இருப்பாங்க. இவங்க பண்ணத ஒருத்தனும் பேசமாட்டான். வெய்யி."

அவன் அழுதுகொண்டே மடக்கினான். அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"தருமா, சங்க வை."

"எங்கக்கா?"

"அவங்க பாவு மேல."

தருமன் சுற்றிலும் பார்த்தான். பிறகு நாலடி நடந்து, இழுத்துக் கட்டிய அரக்குப் பட்டின் நடுவில் சங்கை வைத்தான். காய்ந்த இழைகள் சில அந்த இடத்தில் அறுந்து சுருண்டன. மற்றவை தாங்கின. கூலி நெசவாளிகள் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"ஏ, ஏ, சின்னபொண்ணு!" சுப்பராயலு பதறினார். "எடுக்கச் சொல்லு. கண்ணாலப் பொடவம்மா அது!"

அவள் குரலை உயர்த்தவில்லை. "பாசம் வேற, தெருவு வேறன்னு சொன்னீங்க இல்ல மொதலாளி? சரி. இந்தச் சங்கு எங்க வூட்டுச் சாவுக்கு ஊதினத வுட ஒங்க தெருவுக்கு ஊதினதுதான் ஜாஸ்தி. இங்கியே இருக்கட்டும். எடுக்கறவன் ஊதிக்கட்டும்."

தருமன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். பல்லக்கைத் தூக்கினார்கள். அப்போது சுப்பராயலுவின் வீட்டு நிலைப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய அம்மா அபிதகுசாம்பாள். நடக்க முடியாது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அடியே சின்னபொண்ணு! எனக்கு யாருடி ஊதுவாங்க?"

தெரு முழுக்க அந்தக் கேள்வி கேட்டது. வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி விடுவது சின்னபொண்ணுதான். அண்ணி நின்றாள். மனசு இறங்கிவிடுவாளோ என்று பயந்தேன்.

"ஒங்க புள்ளைய எடுக்கச் சொல்லுங்கம்மா" என்றாள். சொல்லிவிட்டு நடந்தாள்.

சந்து முனைக்கு வந்ததும் பல்லக்கு நுழையவில்லை. நுழையாது என்று சுப்பராயலுவுக்குத் தெரியும்தானே? அதை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு மூங்கில் பாடையோடு தூக்கினோம். சுவர் தோளை உரசியது. ஒரு பட்டறையிலிருந்து சிவப்புத் தண்ணியும் இன்னொன்றிலிருந்து பச்சைத் தண்ணியும் வந்து காலடியில் கலந்தது. மேளக்காரர்கள் கை வீச இடமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். சங்கும் இல்லை. ஊருக்கெல்லாம் சத்தத்தோடு வழியனுப்பியவர் சளக் சளக் என்று எங்கள் கால் சத்தத்தில் போனார். எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவது வழக்கம். அண்ணி திரும்பவில்லை. அவளைத் திரும்பு என்று சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

பாதிச் சந்தில் பின்னால் பாடையைத் தூக்கியவனுக்குக் கால் வழுக்கியது. நான் திரும்புவதற்குள் வேறு ஒரு தோள் வந்து தாங்கியது. ஹேமநாத். தண்ணிவாளியைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான்.

சுடுகாட்டில் தருமன் கோபிநாத்துக்குத் தலையும் மீசையும் மழித்தான். அவன் எழுந்ததும் அந்த இடத்தில் ஹேமநாத் போய்க் குந்தினான்.

"டேய், நீ இன்னாடா? ஒங்கப்பன் உயிரோட இருக்காரு" என்றேன். அப்பன் செத்தால்தான் பிள்ளை அங்கே குந்தவேண்டும்.

"அண்ணன் பாதியில வுட்டுட்டுப் போச்சி தொரை. மீதியும் எடுத்துடச் சொல்லு" என்றான். "தலையும் சேத்து எடுத்துடு தருமா."

தருமன் அக்காவைப் பார்த்தான். அண்ணி தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் மண்ணில் விழுந்து, அன்றைக்கு முழுக்க அழாததெல்லாம் சேர்த்து அழுதாள். ஹேமநாத்துக்கு மறுநாள் முதல் சுப்பராயலுவிடம் தறி இல்லை. அவன் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்விட்டான்.

ஆற்றில் முழுகிவிட்டு நான் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வேண்டுமென்றேதான் நெசவுக்காரத் தெரு வழியாக வந்தேன். பாவு அப்படியே இருந்தது. பாதி இழை அறுந்து தரையில் தொங்கியது, மீதி வெளுத்துப் போயிருந்தது. நடுவில் சங்கு. தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். சுப்பராயலு மட்டும் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து அவர் அம்மாவின் புலம்பல் கேட்டது.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கண் மறுபடியும் கலங்கியிருந்தது.

"தொரை, நீ வெளியூர்க்காரன். இந்த மொறையெல்லாம் ஒன்னக் கட்டாது. அந்தச் சங்க எடுத்து ஆத்துல போட்டுடுப்பா. ஒனக்குப் புண்ணியமா பூவும்."

நான் சங்கைப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று மாணிக்கவேல் இல்லாததால் அதில் ஒருநாள் தாடி இருந்தது.

"எடுக்கறது பெரிசில்ல மொதலாளி. அப்பால ஒங்கம்மாவுக்கு நான்தான ஊதணும்? எனக்கு ஊத வராது. ஒங்கம்மா, ஒங்க தெருவு. நீங்களே எடுங்க."